தனித்திருந்தவர்களுக்குத் துணையாகப் பாடியவர் பி. ரம்லி

பி. ரம்லி என்றதும் மலேசியர்களுக்கும் சிங்கப்பூரர்களுக்கும் முதலில் நினைவுக்கு வருவது சிரிப்புதான். கல்யாண வயது தாண்டிக்கொண்டிருக்கும் மூன்று பிரம்மச்சாரிகள், முதலாளியைப் போல வாழக் கனவு காணும் இரண்டு வேலைக்காரர்கள், மூன்று மனைவிகளிடம் மாட்டிக்கொண்டு விழிக்கும் கணவன் என்று அவர் திரையில் உருவாக்கிய பாத்திரங்கள் இன்றும் பெருநாள் காலங்களில் தொலைக்காட்சியில் வந்து வீட்டில் உள்ள அத்தனை பேரையும் சிரிக்க வைக்கின்றன. மலாய்க் குடும்பம், சீனக் குடும்பம், தமிழ்க் குடும்பம் என்ற பேதம் அந்தச் சிரிப்பில் இருப்பதில்லை.

ஆனால் அவருடைய பாடல்கள் வேறு வேலையைச் செய்தன. சிரிப்புப் படங்களைக் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தவர்களே அவருடைய மெல்லிய காதல் பாடல்களை இரவில் வானொலியின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து கேட்டார்கள். பிரிவு, காத்திருப்பு, இழப்பு ஆகிய மூன்றும்தான் அந்தப் பாடல்களில் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றைக் கேட்டவரின் துயரம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் இப்படித் தவிப்பது தான் ஒருவர் மட்டும் இல்லை என்று தெரிந்தது. அதுவே பலருக்குப் போதுமான ஆறுதலாக இருந்தது.

அந்த ஆறுதலை நாடு முழுமைக்கும் கொடுத்தவர், தம் கடைசி ஆண்டுகளில் அதே தனிமையில் வாழ வேண்டியிருந்தது.

பினாங்குப் பையன்

1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பினாங்கு ஜார்ஜ்டவுனில் பிறந்தவர் தெங்கு ஸக்காரியா. தந்தை தெங்கு ஞாக் பூத்தே, சுமத்ராவின் அச்சே பகுதியிலிருந்து வந்தவர். தாய் சே மா, கடலுக்கு அக்கரையில் உள்ள பட்டர்வொர்த் வட்டாரத்தைச் சேர்ந்தவர். பின்னாளில் வைத்துக்கொண்ட ரம்லி என்ற பெயரின் முன்னால் நிற்கும் 'பி' என்ற எழுத்து தந்தையின் பெயரான பூத்தேயைக் குறிக்கும்.

மலாய்ப் பள்ளியில் தொடங்கி, பிரான்சிஸ் லைட் பள்ளிக்கும் பிறகு பினாங்கு ஃப்ரீ ஸ்கூலுக்கும் சென்றார். படிப்பைவிடப் பந்தும் பாட்டும்தான் அவரை இழுத்தன. 1941 டிசம்பரில் பினாங்கின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது அவருக்கு 12 வயது. ஆங்கிலப் படிப்பு அத்துடன் தடைப்பட்டது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியப் பள்ளியில் சேர்ந்து, ஜப்பானியப் பாடல்களையும் பாடக் கற்றுக்கொண்டார்.

உகுலேலே, கிட்டார், வயலின், பியானோ என ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன. முறையான சங்கீதப் பள்ளி எதற்கும் அவர் போகவில்லை. பினாங்கில் கமாருடின் என்ற இசை ஆசிரியரிடம் அடிப்படைகளைக் கற்றார். துறைமுக நகரமான பினாங்கில் காதைத் திறந்து வைத்திருந்தாலே போதும். மலாய்க் கெரொஞ்சோங், பங்சாவான் நாடகப் பாடல், இந்தித் திரையிசை, மேல்நாட்டு நடன இசை எல்லாம் ஒரே தெருவில் கேட்கும். இவை அனைத்தும் பின்னாளில் அவருடைய மெட்டுகளில் கலந்து வெளிப்பட்டன.

1947இல் ரேடியோ மலாயா பினாங்கில் நடத்திய பாட்டுப் போட்டியில் அவருக்கு முதல் பரிசு கிடைத்தது. பினாங்கில் இருந்த அந்த இளவயதிலேயே 'அசிசா' என்ற காதல் பாடலையும் உருவாக்கிவிட்டார். ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி ஏங்கும் அந்தப் பாட்டு, அவர் எந்தப் பாதையில் போகப்போகிறார் என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டது.

முகம் வேண்டாம், குரல் வேண்டும்

1948 ஜூன் மாதம் புக்கிட் மெர்தாஜாமில் நடந்த விவசாயக் கண்காட்சியில் ரம்லி தம் குழுவினருடன் பாடினார். அங்கே வந்திருந்த இந்தியத் திரைப்பட இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹான்ஸின் காதில் அந்தக் குரல் விழுந்தது. சிங்கப்பூரில் ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்ஷன்ஸ் நிறுவனத்திற்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். அழைப்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், 19 வயது ரம்லி தெற்கே சிங்கப்பூருக்குக் கிளம்பினார்.

பாலஸ்டியர் வட்டாரத்தில் ஜாலான் அம்பாஸ் 8ஆம் எண்ணில் இருந்தது அந்தப் படப்பிடிப்புத் தளம். நடிகர்களும் தொழிலாளர்களும் பக்கத்திலேயே குடியிருந்தார்கள். இயக்குநர்களில் பலர் இந்தியர்கள், முதலாளிகள் சீனர்கள், நடிகர்கள் மலாய்க்காரர்கள். அந்தக் கூட்டுக் குடும்பத்திலிருந்துதான் மலாய்த் திரையுலகின் பொற்காலம் பிறந்தது.

'சிந்தா' என்ற முதல் படத்தில் ரம்லிக்குக் கிடைத்தது வில்லன் வேடம். கதாநாயகன் ரூமாய் நூர். ஆனால் கதாநாயகன் வாயசைத்த பாடல்களைப் பின்னணியில் பாடியவர் ரம்லி. திரையில் காதலித்த முகம் ஒருவருடையது, அந்தக் காதலுக்குக் குரல் கொடுத்தவர் இன்னொருவர். ரம்லிக்குக் கதாநாயகனுக்கு ஏற்ற முகவெட்டு இல்லை என்பதே தளத்தில் பலருடைய எண்ணமாக இருந்தது. அவரிடமிருந்து குரல் மட்டும் போதும் என்றிருந்தார்கள்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் ஒரு தமிழர். சென்னையில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்த எல். கிருஷ்ணன், 1950இல் தாம் இயக்கிய 'பக்தி' படத்தில் ரம்லியைக் கதாநாயகனாக நிறுத்தினார். அவருடைய பாடல்களை அவரே திரையில் பாடி நடித்தார். மலாய்த் திரையுலகின் வளர்ச்சிக்கு உழைத்த இந்தியர்களில் கிருஷ்ணனுக்குத் தனி இடம் உண்டு என்பதற்கு இந்த ஒரு முடிவே போதுமான சான்று.

அதன் பிறகு ரம்லியின் வளர்ச்சியை யாராலும் தடுக்க முடியவில்லை. 1955இல் 'பெனாரேக் பேச்சா' படத்தின் வழியாக இயக்குநரானார். ஏழைத் திரிஷாக்காரன் ஒருவன் பணக்கார வீட்டுப் பெண்ணை நேசிக்கும் கதை அது. பினாங்கில் உருவான 'அசிசா' பாடலை அந்தப் படத்தில் சேர்த்தார். கதாநாயகிக்கும் அதே பெயர்தான். பானி மஜும்தார் இயக்கிய 'அனாக்கு சசாலி' படத்தில் தந்தையாகவும் மகனாகவும் இரு வேடங்களில் நடித்து, 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார்.

புகழ் வெளியே வளர்ந்த அளவுக்கு வீட்டில் நிம்மதி இருக்கவில்லை. நடிகை ஜுனைடாவுடனான முதல் திருமணம் சில ஆண்டுகளிலேயே முறிந்தது. நூரிசானுடனான இரண்டாவது திருமணமும் 1961இல் முடிவுக்கு வந்தது. நாடே அறிந்த காதல் பாடகருக்குத் தம் வீட்டில் பேசுவதற்குத் துணை இல்லாத நிலை 32 வயதில் ஏற்பட்டது.

இருவர் சேர்ந்த பாட்டு

சல்மா இஸ்மாயில் என்ற இயற்பெயர் கொண்ட சலோமா, 1935இல் சிங்கப்பூரில் பிறந்தவர். சிறுவயதிலிருந்தே பாடத் தொடங்கியவர். நடிகரும் இயக்குநருமான ஏ.ஆர். தொம்பெலை மணந்து, அந்த வாழ்க்கை நிலைக்காமல் பிரிந்தவர். வசதியான குரலும் நவீன உடையும் அவருடைய அடையாளம் என்று வெளியுலகம் நினைத்தது. அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் அவரும் ஒருமுறை உடைந்து போனவர்தான்.

1961இல் வெளிவந்த 'செனிமான் பூஜாங் லாப்போக்' படத்தில் இருவரும் சேர்ந்து நடித்தனர். அதே ஆண்டின் இறுதியில் மணம் செய்துகொண்டனர். ரம்லிக்கு அது மூன்றாவது திருமணம். முதல் இரண்டில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. கணவன் மெட்டுப் போட்டால் மனைவியால் அதைப் பாடிக் காட்ட முடிந்தது. ரம்லியின் மனத்தில் இருந்த பெண்குரல் சலோமாவுடையதாயிற்று. அவர் இசையமைத்த பல பாடல்கள் சலோமாவின் குரலில்தான் மக்களைச் சென்றடைந்தன. தம்பதியருக்குக் குழந்தைப் பேறு இல்லை. தத்துப் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

ஏற்கெனவே ஒருமுறை இழந்தவர்கள் ஒன்று சேரும்போது, ஒருவர் காயத்தை மற்றவரிடம் விளக்கிச் சொல்லத் தேவைப்படுவதில்லை. இவர்களுடைய வாழ்க்கை அப்படித்தான் அமைந்தது.

வானொலியில் தொடங்கிய காதல்

திருமணத்திற்கு மறு ஆண்டு, 1962இல் வந்தது 'இபு மெர்துவாகு'. 'என் மாமியார்' என்று பொருள். ரம்லியின் படங்களில் மிக அதிகமான கண்ணீரை வரவழைத்த படம் இதுவே.

பணக்கார வீட்டுப் பெண் சபரியா, வானொலியில் ஒரு சாக்ஸபோன் இசையைக் கேட்கிறாள். வாசிப்பவன் காசிம் செலாமாட். முகம் பார்க்காமலே அந்த இசையின் மீது அவளுக்கு ஈர்ப்பு. தொலைபேசியில் அழைக்கிறாள். பேச்சு வளர்ந்து காதலாகிறது. இசைக்கலைஞனை மருமகனாக ஏற்க மறுக்கும் தாயின் சொல்லை மீறி இருவரும் மணந்து பினாங்கு போகிறார்கள். வறுமை துரத்துகிறது. பிரசவத்திற்காகத் தாய்வீடு திரும்பும் சபரியா இறந்துவிட்டதாக மாமியார் அனுப்பும் பொய்ச் செய்தி காசிமுக்கு வந்து சேர்கிறது. அழுது அழுதே அவன் பார்வையை இழக்கிறான்.

திக்கற்று அலையும் அவனுக்குப் பினாங்கில் ஒரு தாயும் மகளும் அடைக்கலம் கொடுக்கிறார்கள். அந்த மகளும் கணவனை இழந்தவள். இரண்டு துக்கங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. காசிம் மீண்டும் சாக்ஸபோனைக் கையில் எடுக்கிறான். மனைவியை இழந்தவனின் இசை அந்த வீட்டையும் பிறகு ஊரையும் சென்றடைகிறது.

இந்தப் படத்தின் பாடல்களில் 'டி மானா கான் கு சாரி கந்தி' தனித்து நின்றது. போனவருக்கு மாற்றாக யாரை எங்கே தேடுவது என்ற ஒரே தவிப்புதான் அதன் உயிர். மெதுவான தாளம், அதிக அலங்காரம் இல்லாத மெட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைப் போன்ற குரல். குரலை உயர்த்தி அழாததால்தான் கேட்பவர் அழுதார்கள். சாதாரண மனிதர்களும் முணுமுணுக்கக்கூடிய அளவில் மெட்டு இருந்ததால், ரம்லியின் துயரம் பாடுபவரின் சொந்தத் துயரமாக மாறியது. கணவனை இழந்தவரும், காதலியைப் பிரிந்தவரும், வேலைக்காக ஊரைவிட்டு வந்து வாடகை அறையில் கிடந்தவரும் அதே பாட்டைத் தங்களுடையதாக எடுத்துக்கொள்ள முடிந்தது.

அதே படத்தில் 'ஜாங்கான் திங்கால் டாக்கு' என்ற இருகுரல் பாடல் உண்டு. தன்னை விட்டுப் போகாதே என்று கேட்கும் பாடல். திரையில் கதாநாயகி சரிமா வாயசைக்க, பின்னணியில் பாடியவர் சலோமா. பார்வையாளர்களுக்கு அது காசிமும் சபரியாவும் பாடும் பாட்டு. உண்மையில் அது புதிதாக மணம் முடித்த கணவனும் மனைவியும் சேர்ந்து பாடியது.

1963இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில், இந்தப் படத்திற்காக ரம்லிக்குப் பன்முகத் திறமைக்கான சிறப்பு விருது கிடைத்தது. கதை, இயக்கம், நடிப்பு, இசை, பாட்டு என அத்தனையையும் ஒருவரே செய்ததற்கான அங்கீகாரம் அது.

கைத்தட்டல் நின்றபோது

1964இல் ரம்லி குடும்பத்தோடு சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்தார். உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில் வேலை. மலாய்த் திரையுலகை மலாயா மண்ணில் வளர்க்க வேண்டும் என்ற நம்பிக்கையோடு வந்தார். ஆனால் காலம் அவருக்கு எதிராகத் திரும்பியிருந்தது.

ஜாலான் அம்பாஸில் இருந்த வசதிகளும் அனுபவம் வாய்ந்த தொழிலாளர்களும் புதிய இடத்தில் இல்லை. இந்தோனேசியாவுடனான மோதலால் அங்கிருந்த பெரிய சந்தை கைவிட்டுப் போனது. மக்கள் வண்ணப் படங்களுக்குப் பழகிக்கொண்டிருந்தார்கள். ரம்லிக்குக் கறுப்பு வெள்ளையில் படம் எடுப்பதற்கே பணம் போதவில்லை. தொலைக்காட்சியும் வீடுகளுக்குள் வந்துவிட்டது. 1967இல் ஜாலான் அம்பாஸ் தளமே மூடப்பட்டது.

இசையிலும் காற்று மாறியது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து போன பிறகு, இளைஞர்களின் கைகளில் மின்கிட்டார் ஏறியது. பீட்டில்ஸ் அலை வந்தபின் 'பொப் யே யே' இசை எங்கும் ஒலித்தது. மெதுவான காதல் பாடல்கள் பழசாகத் தெரிந்தன. அவற்றைப் பாடியவரும் பழைய ஆளாகத் தெரிந்தார். ஒரு காலத்தில் அவரைக் காணக் கூட்டம் நெரித்த நாட்டில், மேடையில் அவர் பாடும்போது கேலிக் குரல்கள் எழுந்ததும் உண்டு. வாய்ப்புகள் குறைந்தன. வருமானமும் குறைந்தது.

அவர் ஒதுங்கிவிடவில்லை. 1971இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்த தேசியப் பண்பாட்டு மாநாட்டில், மரபு இசையைக் காப்பாற்றும் வழிகள் பற்றிக் கட்டுரை படைத்தார். 1972இல் 'லக்சமானா டோ ரெ மி' படத்தை முடித்தார். அதுவே அவருடைய கடைசிப் படமாயிற்று. வண்ணப் படம் இயக்கும் ஆசை நிறைவேறவில்லை.

இந்த ஆண்டுகளில் ரம்லியின் பக்கத்தில் மாறாமல் நின்றவர் சலோமா. செத்தாப்பாக்கில் ஒரு சாதாரண வீடு. கைத்தட்டல் இருவருக்கும் குறைந்துகொண்டு வந்தது. பாட்டு மட்டும் அந்த வீட்டில் நிற்கவில்லை.

கடைசிப் பாட்டு

1973 மே 29ஆம் நாள் அதிகாலை, மாரடைப்பு ரம்லியின் உயிரைப் பறித்தது. அப்போது அவருக்கு வயது 44. 60க்கும் மேற்பட்ட படங்கள், 200க்கும் மேற்பட்ட பாடல்கள் என்று ஒரு வாழ்நாளுக்கு மிஞ்சிய உழைப்பை 25 ஆண்டுகளில் முடித்துவிட்டுப் போனார். கோலாலம்பூர் ஜாலான் அம்பாங் முஸ்லிம் அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

அவர் கடைசியாக இசையமைத்ததாக அறியப்படும் பாடல் 'ஆயேர் மாத்தா டி கோலாலம்பூர்'. கோலாலம்பூரில் வடித்த கண்ணீர் என்று பொருள். அந்தப் பாட்டை மக்களுக்குக் கொடுத்தவர் சலோமா. அதுவரை ரம்லி தனிமையைப் பற்றி மெட்டமைத்தால், அதை அவருக்குப் பக்கத்தில் நின்று பாட முடிந்தது. இந்த முறை பாட்டு இருந்தது, பக்கத்தில் அவர் இல்லை. 'ஜாங்கான் திங்கால் டாக்கு' பாடலில் விட்டுப் போகாதே என்று கேட்ட இரண்டு குரல்களில் ஒன்று மட்டும் மிஞ்சியது. அதன் பிறகு ஏறக்குறைய பத்தாண்டுகள் வாழ்ந்த சலோமா, 1983 மார்ச்சில் 48 வயதில் மறைந்தார். அவரும் ஜாலான் அம்பாங்கிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ரம்லியை மறந்த நாடு, அவர் மறைந்த பிறகு மெல்ல அவரிடம் திரும்பி வந்தது. தொலைக்காட்சியில் பழைய படங்கள் மறுபடி மறுபடி ஒளிபரப்பான காலத்தில், அவரை நேரில் பார்த்திராத தலைமுறை அவரைக் கண்டுபிடித்தது. 1982இல் கோலாலம்பூரின் முக்கியச் சாலை ஒன்றுக்கு ஜாலான் பி. ரம்லி என்று பெயர் சூட்டப்பட்டது. செத்தாப்பாக் வீடு 1986இல் நினைவில்லமானது. பினாங்கில் அவர் பிறந்த வீடும் புதுப்பிக்கப்பட்டுப் பாதுகாக்கப்படுகிறது. 1990இல் அவருக்கு மறைவுக்குப் பிந்திய விருதாக டான்ஸ்ரீ பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு ஷீலா மாஜிட், ரம்லியின் பாடல்களைப் புதிய இசைக்கோப்பில் பாடி 'லெகெண்டா' என்ற தொகுப்பாக வெளியிட்டார். பழசு என்று ஒதுக்கப்பட்ட மெட்டுகளை இளைஞர்கள் காசு கொடுத்து வாங்கிக் கேட்டார்கள்.

இவையெல்லாம் அவர் உயிரோடு இருந்தபோது வந்திருக்க வேண்டிய மரியாதைகள். தாமதமாக வந்ததால் அவருக்குப் பயன்படவில்லை. கலைஞர்களை முதுமையிலும் வறுமையிலும் கைவிடக் கூடாது என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்நாட்டில் ரம்லியின் பெயர் வருவதற்குக் காரணம் அதுதான். மலாய்க் கலைஞர்களுக்கு மட்டுமல்லாமல், நம் சமூகத்தில் மேடைக்கும் வானொலிக்கும் உழைத்து ஓய்ந்தவர்களுக்கும் அது பொருந்தும். பாராட்ட நினைப்பவர்கள் அவர்கள் காதில் விழும் காலத்திலேயே பாராட்டிவிடுவது நல்லது.

2020இல் கம்போங் பாருவையும் கேஎல்சிசி வட்டாரத்தையும் இணைக்கும் நடைபாலம் ஒன்று திறக்கப்பட்டது. மலாய்த் திருமணங்களில் வைக்கப்படும் வெற்றிலை அடுக்கின் வடிவத்தில் அமைந்த அந்தப் பாலத்திற்குச் சலோமாவின் பெயர். ரம்லியின் பெயர் தாங்கிய சாலை அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. இருவரும் உறங்கும் ஜாலான் அம்பாங் அடக்கத்தலமும் அதே வட்டாரத்தில்தான். வேலை முடிந்து அந்த வழியாக வீடு திரும்புவோரில் சிலருடைய காதுகளில் இன்றும் அந்த இருவரின் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்.